பறக்கும் ரயில் ஏன் மெட்ரோ இல்லை?

சென்னை ரயில்களைப் பற்றி மூன்று பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். "பறக்கும் ரயிலும் மெட்ரோவும் ஒண்ணுதானே, ரெண்டும் பாலத்து மேலதானே போகுது?" "அது காலியாத்தான் ஓடுது, இன்னும் வண்டி விட்டு என்ன பண்ண?" "கால்வாய் ஓரமா சும்மா கிடந்த இடம், அதுல பாதை போட்டது புத்திசாலித்தனம்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதி உண்மை தெரிய வேண்டுமானால், ஒரு நகர ரயில் பாதை எந்தெந்த முடிவுகளால் ஆனது என்று பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை 19 கி.மீ.க்குச் சற்று அதிகமாக நீளும் பறக்கும் ரயில் இதற்கு நல்ல பாடப்புத்தகம். சரியாகச் செய்தது, சறுக்கியது இரண்டையும் அதில் கண்ணால் பார்க்கலாம்.

## மூன்று பிள்ளைகள்

மின்சார ரயில் மூத்தது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-ல் ஓடத் தொடங்கியது. பறக்கும் ரயில் நடுப்பிள்ளை. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் வந்தது. திருமயிலைக்கு 1997-ல், திருவான்மியூருக்கு 2004-ல், வேளச்சேரிக்கு 2007-ல் நீண்டது. மெட்ரோ கடைக்குட்டி: கோயம்பேடு–ஆலந்தூர் இடையே 2015 ஜூன் 29 அன்று முதல் வண்டி.

நடுப்பிள்ளை கடைக்குட்டியைப் போலத் தெரிந்தாலும் ரத்தம் மூத்ததுடையது. மின்சார ரயிலை அப்படியே தூக்கிப் பாலத்தின் மேல் வைத்தால் அதுதான் பறக்கும் ரயில். அதே வகைப் பெட்டிகள், அதே தண்டவாள அகலம், நடத்துவதும் அதே தெற்கு ரயில்வே. கடற்கரை, கோட்டை நிலையங்களில் அது பறப்பதுகூட இல்லை. மற்ற பாதைகளுக்குப் பக்கத்திலேயே தரையில் ஓடி, பார்க் டவுனைத் தாண்டித்தான் மேலே ஏறுகிறது. மெட்ரோவை நடத்துவது மத்திய அரசும் மாநில அரசும் சம பங்கு வைத்திருக்கும் தனி நிறுவனம்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு கேஜ் என்று பெயர். பறக்கும் ரயில் ஓடும் அகலப்பாதையில் இது 1,676 மி.மீ.; மெட்ரோவில் 1,435 மி.மீ. வித்தியாசம் 241 மி.மீ., ஏறக்குறைய ஒரு சாண். மழைக்காலத்து மண் ரோட்டில் மாட்டுவண்டிச் சக்கரங்கள் பள்ளம் பதித்திருக்கும். அச்சு ஒரு சாண் குறைவான வண்டியை அந்தத் தடத்தில் இறக்கிப் பாருங்கள்: ஒரு சக்கரம் பள்ளத்தில், மற்றது மேட்டில். ரயிலில் அதுகூட நடக்காது, சக்கரம் தண்டவாளத்தில் உட்காரவே உட்காராது. ஆகவே மெட்ரோ வண்டியைப் பறக்கும் ரயில் பாதையில் திருமயிலைக்கு ஓட்டுவதோ, வேளச்சேரி வண்டியை அண்ணா சாலைச் சுரங்கத்துக்குள் விடுவதோ முடியாத காரியம்.

மெட்ரோ ஏன் குறுகிய கேஜைத் தேர்ந்தெடுத்தது? வளைவுகள் ஒரு முக்கியக் காரணம். அகலப்பாதையில் வண்டி ஓடும் தடம் 175 மீட்டர் ஆரத்துக்குக் கீழே வளையக்கூடாது. மெட்ரோவை 120 மீட்டர் ஆரம் வரை வளைக்கலாம். சாலையின் நடுவே தூண் நட்டு, சாலை திரும்பும் இடத்தில் தானும் திரும்ப வேண்டிய பாதைக்கு இந்த 55 மீட்டர் பெரிய சலுகை. வளைவுக்காக இடிக்க வேண்டிய கட்டடங்கள் குறையும். மின்சாரம் இரண்டுக்கும் ஒன்றுதான், தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். மின்சாரம் வேறு என்பதால் இணைக்க முடியவில்லை என்று சிலர் சொல்வது தவறு.

சுருக்கமாக: பாலத்தின் மேல் போவதால் ஒரு ரயில் மெட்ரோ ஆகிவிடாது. கேஜ், வளைவு, நடத்தும் நிர்வாகம் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

## இட்லிக் கணக்கு

இந்தப் பாதையில் எத்தனை பேர் போகலாம் என்று கேட்டால் பலரும் பெட்டிகளை எண்ணத் தொடங்குவார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரரைக் கேளுங்கள். கொப்பரை எவ்வளவு பெரிது என்பதோடு அவர் நிறுத்த மாட்டார். ஓர் ஈட்டுக்கு எத்தனை இட்லி, மணிக்கு எத்தனை ஈடு என்று பார்ப்பார். ரயிலிலும் இதே பெருக்கல்தான்.

இதைத் திட்டமிடுவோர் உச்ச நேர ஒருதிசைக் கொள்ளளவு என்பார்கள்: மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில், ஒரு திசையில், ஓர் இடத்தைக் கடக்கக்கூடிய பயணிகளின் எண்ணிக்கை. ஒரு வண்டியில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 4 வண்டி, 4,000 பேர். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 12,000 பேர். 3 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 20,000 பேர். தூணும் பாலமும் நிலையமும் மாறவே இல்லை. கொள்ளளவு மட்டும் ஐந்து மடங்காகிவிட்டது. கட்டுமானத்துக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டு 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி விடுவது, ஊருக்கே ஆகும் கொப்பரையை வாங்கி நாளுக்கு ஓர் ஈடு ஊற்றுவது போல.

ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள நேர இடைவெளி பயணியை வேறு விதத்திலும் தாக்குகிறது. அட்டவணை பார்க்காமல் நிலையத்துக்கு வருபவர் சராசரியாக இடைவெளியில் பாதி நேரம் காத்திருப்பார். 20 நிமிட இடைவெளி என்றால் காத்திருப்பு 10 நிமிடம். ரயிலில் போகும் நேரமே 12 நிமிடம் என்னும்போது, 10 நிமிடம் பிளாட்பாரத்தில் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? கீழே ஷேர் ஆட்டோ கூப்பிடுகிறது. கூட்டம் இல்லையென்று வண்டியைக் குறைக்கிறார்கள், வண்டி குறைந்ததால் மேலும் கூட்டம் குறைகிறது. "காலியாத்தானே ஓடுது" என்ற பேச்சு காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடுகிறது.

## அப்படியானால் இன்னும் வண்டி விட வேண்டியதுதானே?

விடலாம். ஆனால் மூன்று இடங்களில் பிடி விழும்.

முதல் பிடி சிக்னல். ஓடும் ரயில் பிரேக் போட்டதும் நிற்காது. பல நூறு மீட்டர் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும். அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டுக்கு பிளாக் என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரு வண்டி இருந்தால் அதன் வாசலில் சிவப்பு. அதற்கு முந்தைய சிக்னலில் மஞ்சள், அதற்கும் முந்தையதில் இரட்டை மஞ்சள், அதற்கும் முந்தையதில் பச்சை. நகரில் ஓடும் ரயில்களுக்கு இந்த விளக்குகள் தானாகவே மாறும். பிளாக் சிறிதானால் வண்டிகள் நெருங்கி வரலாம். பிரேக் தூரத்துக்குக் கீழே மட்டும் குறைக்க முடியாது. புதிய மெட்ரோக்களில் நிலையான துண்டுகளே இல்லை. ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடத்தை ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே போகும், பின்னால் வருவதற்கு எவ்வளவு நெருங்கலாம் என்று கணினி நொடிக்கு நொடி சொல்லும்.

இரண்டாவது நிலையம். ஒரு வண்டி பிளாட்பாரத்தில் 30 விநாடி நிற்கிறது என்றால் அடுத்தது வந்து நிற்க 30 விநாடி போதாது. முன்னது கிளம்பி முழு நீளமும் வெளியேற வேண்டும், சிக்னல் மாற வேண்டும், பின்னது வேகம் குறைத்து உள்ளே வர வேண்டும். சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகிவிடும். படிக்கட்டு ஒரே முனையில் இருந்தால் கூட்டமும் அந்த முனைப் பெட்டிகளிலேயே அடைத்துக்கொண்டு ஏறும். 30 விநாடி 50 ஆகும். படிக்கட்டை எங்கே வைப்பது என்ற முடிவு இப்படி ரயில் அட்டவணை வரை வந்து நிற்கும்.

மூன்றாவது, யாரும் நினைத்துப் பார்க்காதது: கடைசி நிலையத்தில் வண்டி திரும்புவது. மின்சார ரயிலுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, எனவே எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஆனால் மோட்டார்மேன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க வேண்டும். 9 பெட்டி வண்டி சுமார் 190 மீட்டர் நீளம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போக 3 நிமிடமாவது ஆகும். பிறகு பிரேக் சோதனை, சிக்னல். அத்தனை நேரமும் ஒரு பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும். போகும் பாதையிலிருந்து வரும் பாதைக்கு மாற்றும் குறுக்குத் தண்டவாளம் பிளாட்பாரத்துக்கு முன்னால் இருந்தால், உள்ளே வரும் வண்டியும் வெளியே போகும் வண்டியும் ஒன்றையொன்று மறிக்கும். நிலையத்தைத் தாண்டிச் சில நூறு மீட்டர் பாதையை நீட்டி அங்கே திருப்பினால் இந்தச் சிக்கல் போய்விடும். செலவு குறைந்த வழியும் ஒன்று உண்டு: வந்து சேரும் வண்டிக்காக மறுமுனையில் இன்னொரு மோட்டார்மேனைத் தயாராக நிறுத்திவிடுவது. வந்தவர் நிதானமாக நடந்து போய் அடுத்த வண்டியை எடுப்பார்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வண்டி வேண்டுமே. பெட்டிகள் கோத்த ஒரு முழு வண்டிக்கு ரயில்வேக்காரர்கள் ரேக் என்பார்கள். எத்தனை ரேக் தேவை என்பது எளிய வகுத்தல்: ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரத்தை இடைவெளியால் வகுக்க வேண்டும். போக 45 நிமிடம், வர 45, இரு முனையிலும் திரும்ப 10 வீதம் என்றால் சுற்று 110 நிமிடம். 10 நிமிட இடைவெளிக்கு 11 ரேக், 5 நிமிட இடைவெளிக்கு 22 ரேக். பத்துக்கு ஒன்று வீதமாவது பராமரிப்புக்கும் அவசரத்துக்கும் ஒதுக்க வேண்டும். 22 என்பது 25 ஆகும். அவற்றை இரவில் நிறுத்த இடம், கழுவ இடம், சக்கரம் கடைய இடம், ஓட்ட மூன்று ஷிப்டுக்கு ஆள். திரும்பும் நேரத்தில் முனைக்கு 5 நிமிடம் மிச்சப்படுத்தினால் சுற்று 100 நிமிடமாகும். அதே 5 நிமிட இடைவெளிக்கு 20 ரேக் போதும். ஓட்டுநரின் நடையை மிச்சப்படுத்துவது இரண்டு ரேக் வாங்குவதற்குச் சமம்.

## கால்வாய் ஓரத்தின் விலை

இனி அந்த மூன்றாவது பேச்சு. பறக்கும் ரயிலின் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன நீர்வழி அது. 1870-களின் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அதை நீட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரில்தான் இன்றும் அழைக்கிறோம். படகு போய், சாக்கடை வந்தபின், நகரின் நடுவே வடக்கு தெற்காகத் தனியாருக்குச் சொந்தமில்லாத ஒரு நீளக் கீற்றாக அது மிஞ்சியது. பாதைக்கு நிலம் தேடியவர்களின் கண் அதில் விழுந்ததில் வியப்பில்லை. ரோட்டை மறிக்க வேண்டாம், பெரிய கட்டடங்களை இடிக்க வேண்டாம்.

ஆனால் நிலையத்துக்கு வரும் பயணி எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் நடந்து. நிலையத்தைச் சுற்றி ஆட்கள் நடந்து வரக்கூடிய பரப்பை நடைவட்டம் என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் ஆரம் என்றால் பரப்பு சுமார் 78 ஹெக்டேர். இப்போது அந்த வட்டத்தின் நடுவே ஒரு கால்வாயை வரையுங்கள். அக்கரைக்குப் பாலம் பக்கத்தில் இல்லையென்றால் வட்டத்தில் பாதி அறுந்து போகும், 39 ஹெக்டேர்தான் மிச்சம். அக்கரையில் இருப்பவருக்கு ரயில் கண்ணுக்கு எதிரே தெரியும். போய்ச் சேர ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதே நிலையம் கடைத்தெருவின் நடுவே இருந்திருந்தால் வட்டம் முழுசு, அதற்குள் அலுவலகம், பள்ளி, பேருந்து நிறுத்தம் எல்லாம் இருக்கும். இலவச நிலம் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் ஆள் நடமாட்டமில்லாத நிலம்தான். ஆள் நடமாட்டம் இருந்திருந்தால் அது இலவசமாக மிஞ்சியிருக்காது.

வேறு விலையும் உண்டு. கால்வாய்க்குள் நட்ட தூண்கள் தண்ணீர் போகும் அகலத்தைக் குறைக்கின்றன. தூணைச் சுற்றிக் குப்பை சேர்ந்து திட்டாகும், மழைக்காலத்தில் வெள்ளம் வடிய அந்தத் திட்டே தடை. நிலையங்களின் அளவு இன்னொரு சிக்கல். வாடகை வரும் என்று கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சேர்த்து மாடி மாடியாகக் கட்டினார்கள்; திருமயிலை நிலையத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடகைதாரர் வருவது ஆள் நடமாட்டத்தைப் பார்த்து. ஆள் வருவது வெளிச்சத்தையும் கடையையும் பார்த்து. இரண்டும் வராத தளங்களில் இருட்டு குடியேறியது. ராத்திரி எட்டு மணிக்குமேல் ஒரு பெண் தனியாக ஏறி இறங்கத் தயங்கும் படிக்கட்டு இருந்தால், அந்தப் பாதையின் கொள்ளளவை எந்தச் சிக்னலாலும் கூட்ட முடியாது.

இவ்வளவு இருந்தும், கால்வாயைத் தேர்ந்தெடுத்தது முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது. அன்று சாலை வழியாகப் போயிருந்தால் வழக்குகளிலேயே நின்றிருக்கக்கூடும். தவறு அதற்குப் பிறகு நடந்தது. கால்வாய்க்குக் குறுக்கே நடைபாலங்கள், நிலைய வாசல்வரை சிற்றுந்து, வெளிச்சம் ஆகிய மூன்றும் பாதையின் ஒரு பகுதி என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் அவை சில்லறை.

இதுவரை: பாதை எங்கே போகிறது என்பது எத்தனை பேர் நடந்து வருவார்கள் என்பதை முடிவு செய்கிறது. இடைவெளி எவ்வளவு என்பது அவர்கள் மறுநாளும் வருவார்களா என்பதை.

## காலம் தின்னும் பணம்

கட்டுமான வரிசையைச் சட்டென்று பார்த்துவிடலாம். மண் பரிசோதனை, சாலைக்கடியில் போகும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் மின்கேபிள்களையும் நகர்த்துவது, ஆழத்தில் பைல் எனும் அடித்தூண் இறக்குவது, அதன்மேல் தூண், தூண்மேல் பாலம், பாலத்தின்மேல் தண்டவாளம், மின்கம்பி, சிக்னல். எல்லாம் முடிந்தபின் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து வேக ஓட்டம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். கட்டியவரே தனக்குச் சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

இந்த வரிசையில் அதிகம் இழுப்பது பெரும்பாலும் குழாய் நகர்த்துவதும் நிலமும்தான், கான்கிரீட் இல்லை. பறக்கும் ரயிலின் முதல் கட்டத்துக்கு 1983–84-ல் ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு ரூ.53 கோடி சொச்சம். 1997-ல் திருமயிலையைத் தொட்டபோது செலவு ரூ.260 கோடியைத் தாண்டியிருந்தது. வருடா வருடம் பட்ஜெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வந்தால், சிமென்ட்டும் கம்பியும் கூலியும் அந்த வேகத்துக்குக் காத்திருக்காது. இரண்டாம் கட்டத்தில் மாநில அரசு மூன்றில் இரண்டு பங்கை ஏற்றது. பணத்தில் பங்கு வந்தது. வண்டியை நடத்துவது ரயில்வே, சுற்றியுள்ள சாலையும் பேருந்தும் மாநிலம் என்ற பிரிவினை அப்படியே நின்றது.

இதைவிடக் கண்ணை உறுத்துவது வேளச்சேரி–பரங்கிமலை நீட்டிப்பு. மொத்தம் 5 கி.மீ.; வேலை தொடங்கியது 2008-ல். ஆதம்பாக்கம் அருகே சுமார் 500 மீட்டர் நிலம் இழப்பீட்டு வழக்கில் சிக்கியதால் பத்து ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே நின்றது. சாலையாக இருந்திருந்தால் அந்த அரை கிலோமீட்டரைத் தெருவழியே சுற்றிப் போயிருக்கலாம். ரயிலுக்குச் சுற்று வழி கிடையாது. நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றால் சங்கிலி முழுதும் பயனற்றது. கட்டி முடித்த தூண்களுக்குச் செலவழித்த பணமும் அந்த 500 மீட்டர் கிடைக்கும்வரை முடங்கிக் கிடக்கும். நிலம் முழுதும் கைக்கு வரும்முன் தூண் நடக்கூடாது என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

## இணைப்பது என்றால் எதை?

பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைப்பது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. கேஜ் கணக்கு தெரிந்தவருக்கு ஒன்று புரியும்: இணைவது தண்டவாளமாக இருக்க முடியாது. நிலையப் பராமரிப்பு, டிக்கெட், அட்டவணை, பணியாளர், புதிய பெட்டிகள் இவைதான் ஒரே கைக்குப் போக முடியும். ஏசி பெட்டி வந்தாலும் அது அகலப்பாதைப் பெட்டியாகத்தான் வர வேண்டும், அல்லது தண்டவாளத்தைப் பெயர்த்து மறுபடி போட வேண்டும்.

ஒரு நிர்வாகம், பல நிர்வாகம் என்பதன் வித்தியாசம் 2023-ல் தெரிந்தது. கடற்கரை–எழும்பூர் இடையே நான்காவது பாதை போடுவதற்காக அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. கடற்கரைவரை மீண்டும் ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் கடைசியில். பதினான்கு மாதம். வெளியூர் ரயில்களும் நகர ரயில்களும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டபோது விட்டுக்கொடுத்தது நகர ரயில்.

பயணிக்கு இணைப்பு என்பது மாறும் நிமிடங்கள்தான். பரங்கிமலையில் மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் ஏற்கெனவே உண்டு. பறக்கும் ரயிலின் வேளச்சேரி நீட்டிப்பு போய்ச் சேரும் இடமும் அதுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க 4 நிமிடம், புது டிக்கெட்டுக்கு வரிசையில் 3 நிமிடம், 15 நிமிட இடைவெளியில் பாதி காத்திருப்பு ஏழரை என்றால் மொத்தம் 14 நிமிடத்துக்கு மேல். ஒரே டிக்கெட்டில் வரிசை போய்விடும். இடைவெளி 6 நிமிடமானால் காத்திருப்பு 3. நடையைச் சேர்த்து 7 நிமிடம். இந்தப் பாதிக் குறைப்புக்குப் புதிதாக ஒரு தூண்கூட நட வேண்டாம்.